மலைபடுகடாமும் ஊர்ப்படமும்

1. ஆராய்ச்சியின் நோக்கம்

ஓர் ஊரின் நீர்நிலை, சோலை, விலங்கு, கோயில், தொழில், உணவு ஆகியவற்றிற்குரிய இடங்களை அவ்வூராரே தேர்ந்து குறித்துப் படமாக அமைக்கும் முயற்சி இன்று உலகின் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றது. 1992ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகருக்கு அத்தகைய படம் ஒன்றை வெண்டி பிராவர் என்னும் வடிவமைப்பாளர் ஆக்கினார். அதன் வழியே 1995இல் 'கிரீன் மேப்' என்னும் பசுமைப்பட அமைப்புத் தோன்றியது. எந்த ஊரார் படம் வரையினும் அதனைப் பிற ஊராரும் படித்தறியும்படி பொதுக்குறிகள் வகுக்கப்பெற்றன. அக்குறிகள் நீடித்த வாழ்வு, இயற்கை, பண்பாடும் சமுதாயமும் என மூன்று பெருந்தலைப்புகளில் அடங்கும்.

இச்செய்தியைக் கேட்டவுடன், 'இது நம்மிடம் முன்னரே இருந்தது' என்று கூறுவார் சிலர் இருத்தல் கூடும். அங்ஙனம் கூறுதல் எளிது. ஆயின் அஃது ஆராய்ச்சி ஆகாது. சங்கப் புலவர் படம் வரைந்தார் அல்லர், பாட்டே இயற்றினார். எனினும் ஓர் இடத்தைக் குறிப்பது எவ்வாறு, எதனை ஒரு நாட்டின் செல்வமாக எண்ணுவது, குறித்ததை யாருக்காகக் குறிப்பது என்னும் வினாக்கள் படத்திற்கும் பாட்டிற்கும் பொதுவானவை. அவ்வினாக்களுக்கு ஆற்றுப்படை இலக்கியம், அவற்றுள்ளும் சிறப்பாக மலைபடுகடாம், தரும் விடை யாது என ஆராய்ந்து, அவ்விடையின் நிறையையும் குறையையும் ஒருங்கே மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆற்றுப்படையும் நிலப்படமும்

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி வள்ளலிடம் வழிப்படுத்துதல் ஆற்றுப்படை எனப்படும். தொல்காப்பியர் இதற்குப் புறத்திணையியலில் இலக்கணம் வகுத்தார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின.

இவ்வைந்தும் வழியைக் கூறும் திறத்தில் ஒத்தன அல்ல. பொருநராற்றுப்படை கரிகாலன் அளித்த விருந்தை விரித்துரைப்பதே பெரிது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களைப் பெயர் சுட்டி நல்லியக்கோடனிடம் அழைத்துச் செல்கின்றது. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டிகள் செல்லும் பெருவழியில் தொடங்கி, எயினர் குடி, ஆயர் பாடி, உழவர் ஊர், அந்தணர் மனை, கடற்பட்டினம் ஆகியவற்றைக் கடந்து கச்சியை அடைகின்றது. ஒவ்வோர் இடத்தும் யார் வாழ்வர், என்ன உண்பர், வந்தவர்க்கு என்ன இடுவர் என்பனவற்றை அப்பாட்டுகள் தவறாது கூறுகின்றன.

மலைபடுகடாம் இவற்றினின்றும் ஒருபடி மேற்செல்கின்றது. இஃது இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனைப் பாடியது. 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். பாட்டில் வரும் நவிரமலை திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள இன்றைய பருவதமலை என்றும், செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், சேயாறு இன்றைய செய்யாறு என்றும் அறிஞர் கொள்வர். மலை, ஆறு, ஊர் மூன்றும் இன்றும் நின்று நிலவுதலின், பாட்டின் நிலத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு.

இப்பாட்டுப் பத்துப்பாட்டினுள் அருநடை உடையது. பெயர்களும் பொருள்களும் அடுக்கடுக்காக வருதலின், விரைந்து படிப்பார்க்கு அஃது ஒரு பட்டியல் போலத் தோன்றும். பட்டியல் கவிதை ஆகுமா என்று ஐயுறுவாரும் உளர். அவ்வையம் தீர வேண்டுமாயின், அப்பட்டியல் எந்நெறியால் அமைந்தது என்பதை முதற்கண் காணுதல் வேண்டும்.

3. கருப்பொருளும் குறியீடும்

நிலத்திற்குரிய பொருள்களைத் தொல்காப்பியர் கருப்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என எண்ணி, அவை போல்வன பிறவும் கொள்க என்றும் இடமளித்தார். பசுமைப்படத்தின் மூன்று தலைப்புகளோடு இவ்வெட்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். விலங்கும் மரமும் புள்ளும் இயற்கை என்னும் தலைப்பில் அடங்கும். தெய்வமும் பறையும் யாழும் பண்பாட்டில் அடங்கும். உணவும் தொழிலும் நீடித்த வாழ்வில் அடங்கும். உறுப்புகள் ஏறத்தாழ ஒன்றே.

வேறுபாடு யாதெனின், பசுமைப்படம் மூன்றையும் வகைபிரித்துத் தனித்தனிக் குறிகளாக நிறுத்துகின்றது. தொல்காப்பிய மரபோ எட்டனையும் ஒரு நிலத்தின் கருவாக ஒருங்கே வைக்கின்றது. குறிஞ்சிப் பறை குறிஞ்சித் தெய்வத்திற்குரியது. அத்தெய்வம் தினை விளையும் மலைக்குரியது. தினை கிளி கடியும் தொழிலுக்குரியது. ஒன்றை எடுத்தால் மற்றவை நிலைகுலையும். ஆதலின் மலைபடுகடாத்தில் வரும் பொருளடுக்கு தனித்தனிப் பொருள்களின் எண்ணிக்கை அன்று. ஒன்றை ஒன்று தாங்கும் தொடர்பின் விளக்கம் ஆகும்.

4. இடமும் ஒழுகலாறும்

மலைபடுகடாம் வழியை விரிக்கும் பகுதியில் ஒரு தனித்தன்மை உண்டு. புலவர் ஓர் இடத்தைக் காட்டுமிடத்து, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் உடன் கூறுகின்றார். தினைப்புனத்திற்கு வரும் பன்றியைப் பிடிக்கக் கல்லாலாகிய அடார்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆதலின் பொழுது புலர்ந்தபின் செல்க என்கின்றார். கற்குழிகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். பார்த்து, தொழுது, விலகிச் செல்க என்கின்றார். பரண்மீதுள்ள கானவர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்க என்கின்றார். இருள் செறிந்த நீர்ப்பரப்பில் முதலை ஒடுங்கிக் கிடக்கும், கரையும் வழுக்கும், கொடிகளைப் பற்றிக் கடக்க என்கின்றார்.

இவ்விடங்களில் ஆசிரியர் மலையின் அழகைப் பாட வரவில்லை. அழகு உண்டு, அதனை அவர் மறுக்கவும் இல்லை. ஆயின் அழகில் மயங்கியவன் கால் வழுவுவான் என்றே எச்சரிக்கின்றார். காட்சிப் பொருளாக மட்டும் மலையை நோக்கும் கண் இப்பாட்டிற்கு உரியதன்று. மலை நடப்பவனுக்கு உரியது. நடப்பவன் அங்கு வாழ்வாரின் தொழிலை அறிந்து நடத்தல் வேண்டும். பன்றிப்பொறியும் கவண்கல்லும் வழிப்போக்கனுக்கு இடையூறு; குறவனுக்கு அவையே பயிர்க்காவல். ஒரே பொருளின் இருபுறத்தையும் ஒருங்கு காட்டுதலின், இப்பாட்டின் இடக்குறிப்பு நேர்மையுடையதாகின்றது. வருவார்க்கு இனியவற்றை மட்டும் கூறி அல்லாதனவற்றை மறைக்கும் விளம்பரத்தினின்றும் இது வேறுபடும் இடம் ஈதே.

இடையூறு கூறிய புலவர் உதவியையும் கூறுகின்றார். அம்மலையிற் பிறந்து வளர்ந்த குறவரும் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கு வழி தவறினால், கூத்தர் தம் இசைக்கருவிகளை இயக்குதல் வேண்டும். ஒலி கேட்ட கானவர் விரைந்து வந்து, கனி தந்து, வழியும் காட்டுவர். குறிஞ்சியில் இறைச்சியும் தினைச்சோறும், முல்லையில் பாலும் விலங்கு அணுகாதபடி எரியும் தீயும், மருதத்தில் மீனும் நெற்சோறும் கிடைக்கும் எனப் படிப்படியாகச் சொல்லப்படுகின்றது. எந்த இடமும் ஆளில்லாத இடமாகக் குறிக்கப்பெறவில்லை. இடம் என்றால் அங்கு ஒரு தொழில் உண்டு. தொழில் என்றால் அதனைச் செய்வார் உண்டு. செய்வார் இருப்பின் வருவார்க்குச் சோறு உண்டு. இதுவே பாட்டின் இடவரைவு நெறி.

5. மலையின் ஒலி

பாட்டின் பெயர்க்காரணமும் இதனோடு இயைவதே. மலையை யானையாக உவமித்து, அதன்கண் பிறக்கும் பல்வேறு ஓசையை யானையின் கடாமாகச் சிறப்பித்தமையின் இப்பெயர் வந்தது என்பது நச்சினார்க்கினியர் கருத்து. அவ்வோசைகளைப் புலவர் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுகின்றார். அருவியாடும் மகளிரின் ஒலி, புலி பாய்ந்த கணவரின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, வேங்கைப்பூப் பறிக்கும் பெண்டிரின் ஆரவாரம், பள்ளத்தில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் புலம்பல், கண்ணேணி வழியே ஏறித் தேன் கொள்வார் எழுப்பும் ஓசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, சேம்பும் மஞ்சளும் காக்கும் பன்றிப்பறை, கரும்பாலையின் ஓசை என அவ்வரிசை நீள்கின்றது.

இப்பகுதியை இயற்கை வருணனை என்று கூறி அமைதல் போதாது. ஓசைகளுட் பெரும்பாலன உழைப்பிற் பிறந்தவை. எஞ்சியவற்றுள் பல துயரிற் பிறந்தவை. மகிழ்ச்சியையும் துன்பத்தையும், மக்களையும் விலங்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றார் புலவர். மந்தியின் புலம்பலுக்கும் கொடிச்சியின் பாட்டிற்கும் இடையே மேல் கீழ் என்னும் பிரிவு இல்லை.

நிலப்படத்தில் ஓசையை வரைதல் அரிது. ஆயினும் ஓர் இடம் உயிரோடு இருக்கின்றதா என்பதை ஓசையே அறிவிக்கும். கோட்டில் வரைந்த ஏரி, நீர் வற்றிய பின்னும் படத்தில் ஏரியாகவே இருக்கும். வள்ளைப்பாட்டு நின்றுவிட்டால் தினை நின்றுவிட்டது என்பதைச் செவி உடனே அறியும். இடத்தைப் பெயரால் மட்டும் குறியாது, அங்கு நிகழ்வதனால் குறித்தலே மலைபடுகடாத்தின் திறன். பட்டியல் கவிதையாகும் இடமும் ஈதே.

6. புல்முடியும் நடுகல்லும்

வழி கூறும் பகுதியில் சிறிய குறிப்பு ஒன்று உண்டு. வழிகள் கூடிப் பிரியும் சந்துகளில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்கின்றார் புலவர். நிலத்திற்குப் புதியராய்ப் பின்வருவார் திகையாமல் செல்லுதற்பொருட்டு இடும் குறி அது. அறிவுரை கேட்பவன் வறியவன், பசியோடு நடப்பவன். அவனுக்கும் தன்பின் வருவான் ஒருவன் உளன் என்னும் நினைவு வேண்டும் என்பது புலவர் துணிபு. வழி அறிந்தவன் அறிவை அடைத்து வைத்தல் கூடாது. அடுத்தவனுக்குக் குறியாக விட்டுச்செல்லுதல் வேண்டும். ஊர்ப்படம் என்பதன் உட்பொருளை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

வழியில் நடுகற்கள் மிக்கிருக்கும் என்றும், புறங்கொடாது வீழ்ந்தாரின் பெயர் அக்கற்களில் எழுதப்பெற்றிருக்கும் என்றும் பாட்டுக் கூறும். கூத்தர் ஆங்கே இசைத்துச் செல்லுதல் வேண்டும். செங்கம் வட்டாரத்தில் எழுத்துடைய நடுகற்கள் மிகுதியாகக் கண்டெடுக்கப்பெற்று, 1972இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளிவந்தன. அக்கற்கள் சங்க காலத்திற்குப் பிற்பட்டவை. ஆயினும் அந்நிலத்தின் மரபு தொடர்ந்து வந்தமைக்கு அவை சான்று. பாட்டுக் கூறும் வழியடையாளம் கற்பனை அன்று என்பதும் அவற்றால் வலுப்பெறுகின்றது. புல்முடி சில நாளில் உலர்ந்து போகும். நடுகல் ஆயிரம் ஆண்டு நிற்கும். இரண்டும் ஒரே வழியில் ஒரே மதிப்போடு குறிக்கப்பெறுகின்றன. பண்பாட்டுச் சின்னம் என்றால் பழமையும் பெருமையும் உடையது மட்டுமே என்னும் இக்கால எண்ணத்திற்கு இது மாறானது.

7. பாட்டின் குறை

இத்துணைச் சிறப்புக் கூறியபின் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடமை. ஆற்றுப்படையில் எல்லா வழியும் ஒரே வாயிலில் முடிகின்றன. மலைபடுகடாத்தின் இறுதியில் நன்னன் மூதூரின் வாயிலைக் காண்கின்றோம். ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக்குட்டி, தேன், பலா, அகில், சந்தனம் என மலையின் பொருள்கள் பலவும் அங்குக் குவிந்து கிடக்கின்றன. வழிநெடுகத் தொழிலும் மக்களுமாகக் கண்ட மலை, வாயிலில் பண்டக் குவியலாக மாறிவிடுகின்றது. அப்பொருளைக் கொணர்ந்தவர் யார், அதற்கு ஈடாக அவர் பெற்றது யாது என்பவை பாட்டின் கருத்தில் இல்லை.

வழியில் விருந்திட்ட குறவனுக்கும் கோவலனுக்கும் உழவனுக்கும் பெயர் இல்லை. பெயர் வேந்தனுக்கும் குன்றுக்கும் ஆற்றுக்குமே உண்டு. கல்லில் பெயர் பெற்றவரும் போரில் வீழ்ந்தவரே. பாடப்பெறுவோன் புகழே பாட்டின் பயன் ஆதலின் இஃது அவ்வகை இலக்கியத்தின் எல்லை. புலவர்மீது குறை கூறுவது நம் கருத்தன்று. ஆயினும் ஆற்றுப்படையை ஊர்ப்படத்திற்கு முன்மாதிரி என்று முழுமையாகக் கொள்ளுதல் இயலாது. யார் கேட்க, யார் பயன்பெற, இடம் குறிக்கப்படுகின்றது என்னும் வினாவிற்கு ஆற்றுப்படை தரும் விடை, 'வருவார்க்கும் வள்ளற்கும்' என்பது. 'அங்கு வாழ்வார்க்கு' என்னும் விடையை நாம்தான் சேர்த்தல் வேண்டும்.

8. அரிட்டாபட்டியும் இருவகைப் படமும்

இவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. அதுவும் மலைபடுகடாம் பாடிய புலவரின் நாட்டிற்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. இரணியமுட்டம் பாண்டிநாட்டுப் பகுதி. அழகர்மலையாகிய திருமாலிருஞ்சோலை கல்வெட்டுகளில் கீழிரணியமுட்ட நாட்டைச் சார்ந்ததாகக் குறிக்கப்பெறும். அம்மலைக்கு அண்மையில் மேலூர் வட்டத்தில் உள்ள ஊர் அரிட்டாபட்டி.

அவ்வூர்க் குன்றுகளில் தமிழிக் கல்வெட்டும் சமண முனிவரின் கற்படுக்கையும் உள்ளன. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன்கோயிலும் அதன்கண் இலகுலீசர் சிற்பமும் உள்ளன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அடங்கிய 193.215 எக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இவ்வகையில் அறிவிக்கப்பெற்ற முதல் இடம் இதுவே. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என அரசின் குறிப்பு அதன் வளத்தை எண்ணிக் காட்டியது.

ஈராண்டு கழிந்தபின், 2024 நவம்பரில், அதே நிலம் மற்றொரு படத்தில் தோன்றியது. அது நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி. அதன் பரப்பு 2,015.51 எக்டேர், பாரம்பரியத் தலத்தின் பகுதியும் அதனுள் அகப்பட்டது. ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டார ஊர்கள் எழுந்தன. 2024 திசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் மக்கள் மதுரைக்குப் பேரணியாகச் சென்றனர். அத்திங்களின் இறுதி வாரத்திற்குள் ஒன்றிய அரசு ஏலத்தை நீக்கியது.

இருவகைப் படங்களையும் ஒப்பிட்டு நோக்குக. கனிமப் படத்திற்கு நிலத்தின் அடியில் உள்ளது ஒன்றே பொருள். மேலே உள்ளவை வெற்றிடம். பாரம்பரியப் படம் மேலே உள்ளவற்றை எண்ணியது; அது பெருநன்மை. ஆயினும் அது 193 எக்டேரில் கோடிட்டு நின்றது. அக்கோட்டிற்கு அப்பால் உழவும் மேய்ச்சலும் ஊர்க்கோயிலும் நடக்கும் நிலம் இருத்தலை அப்படம் கூறவில்லை. கூறியவர் அங்கு வாழ்வார். அவர்தம் போராட்டத்தில் ஏரியும் கோயிலும் வயலும் ஒரே சொல்லாட்சியில் வந்தன. கருப்பொருளை ஒன்றாகக் காணும் பழைய நெறி, நூற்பா அறியாதார் வாயிலும் வாழ்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் ஊரிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுக என்கின்றது. ஊரில் உள்ள உயிரினங்களையும் அவை பற்றிய ஊரார் அறிவையும் பதியும் ஏடு அது. பல ஆண்டு இப்பணி தேங்கி நின்றமையின், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 சனவரி 31ஐக் கெடுவாக விதித்து, தவறும் மாநிலம் திங்கள்தோறும் 10 இலட்சம் உரூபா செலுத்துக என்றது. கெடு இல்லையேல் பணி நடவாது என்பது உண்மை. கெடுவிற்காக எழுதப்படும் ஏடு பெயர்ப்பட்டியலாகவே முடியும் என்பதும் உண்மை. மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் பிற ஏட்டிலிருந்து எடுத்தெழுதலாம். அடார் எங்கே வைப்பர், யாருடைய ஒலி எந்நேரத்தில் எழும், எந்தச் சந்தில் புதியவர் திகைப்பர் என்பவற்றை அங்கு நடந்தவனே எழுதுதல் கூடும்.

9. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. மலைபடுகடாம் மலைவருணனை மட்டும் அன்று. இடம், அங்கு வாழ்வார், அவர் தொழில், வருவார் ஒழுகவேண்டிய முறை என்னும் நான்கையும் பிரிக்காமல் கூறும் இடவரைவு. அந்நான்கும் ஒருங்கே வருதலாலேயே அதன் பொருளடுக்கு வெறும் பட்டியலினின்றும் உயர்கின்றது. அதன் குறை, எல்லா வளமும் ஒருவன் வாயிலை நோக்கிச் செல்லுதல்.

இன்று ஊர்ப்படம் வரைவோரும் பதிவேடு எழுதுவோரும் இந்நிறையையும் குறையையும் கருத்திற்கொள்ளல் நலம். தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆற்றுப்படை பயிலும் மாணாக்கர் தம் ஊரின் ஒரு வழியை நடந்து, அவ்வழியின் இடங்களை இந்நான்கு கூற்றோடும் எழுதி, எழுதியதை அவ்வூர்க் குழுவிடமே ஒப்படைப்பராயின், பாட்டும் விளங்கும். ஊருக்கும் ஏடு கிடைக்கும். நிலத்தை வெற்றிடம் என்று காட்டும் படம் வரும் நாளில், அங்கே என்ன இருக்கின்றது என்பதற்குச் சான்றாக எடுத்து வைக்க ஓர் ஏடு வேண்டும். அதனை அந்நாளுக்கு முன்னரே எழுதி வைத்தல் நம் கடன்.